மெத்தென்ற பிரேக்

“முட்டி இன்னமும் வலிக்குதா, அடைக்கலம்?”

ராயவரத்து உமையாள் ஆச்சி தினமும் கேட்பார். ரங்கூனிலிருக்கும் ஆச்சியின் கணவர் செட்டியார் வாங்கிவிட்ட காரைப் பதினோரு வருஷமாக ஓட்டும் அடைக்கலத்துக்குக் கண் கலங்கும்.

“பிரேக்கு கல்லு மாதிரி இருக்குங்க ஆச்சி. எந்திரிச்சு நின்னுதான் மிதிக்கணும்.”

பிரேக் மிதியை இலகுவாக்கும் சர்வோ என்ற கருவி ஒன்றை ஆச்சி மதராஸிலிருந்து தருவித்தார். ஒரு டிரைவரின் முட்டிக்காக யார் இவ்வளவு செய்வார்கள்! அடைக்கலம் காருக்கடியில் படுத்துக் கிடந்து, இரண்டே நாளில் தானே மாட்டினான். சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான்.

“இப்பப் பச்சப்புள்ள மிதிச்சாக்கூட நிக்கும் ஆச்சி! ஏறுங்க, கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

ஆச்சி பின் கதவைத் தாண்டி வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

“நீ ஊருக்குப் போறப்பெல்லாம் ஓட்டிப் பழகினேன். பிரேக்கு மட்டுந்தான் என் காலுக்கு அடங்கல.” சாவிக்குக் கை நீட்டினார். “நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

“எம் முட்டிக்காகத்தான்னு நெனச்சேனே ஆச்சி...”

“எனக்கும் அதே எடத்துலதான் வலிச்சுது. அதான் கேட்டேன்.”

எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருமுனையில் மாடு ஒன்று குறுக்கே வர, கார் அலுங்காமல் நின்றது.