எந்த ல?

“வாயில என்ன, கொழுக்கட்டையா?”

ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா அவளைக் கேட்டது.

அன்று பள்ளிக்கு ஆய்வு அதிகாரி வந்திருந்தார். உங்கள் தமிழாசிரியர் பெயர் என்ன என்றார். முதல் பெஞ்சில் இருந்ததால் அவள் எழ வேண்டியதாயிற்று.

“புகளேந்தி ஐயா.”

அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததும் ஐயா கேட்டார். ஐயா கேட்டதும் வகுப்பே சிரித்தது.

மறுநாளிலிருந்து அவள் பெயர் கொழுக்கட்டை. காலாண்டுப் பரீட்சைக்கு அவள் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

ஆறு வருடம்.

இப்போது அதே ஐயாவின் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அரசு மருத்துவமனை, காது மூக்கு தொண்டைப் பிரிவு. டார்ச் பிடிப்பது, தட்டை நீட்டுவது, பஞ்சு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. வெற்றிலைக் கறை வாய், புகையிலை வாய், பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டு வெட்கப்படும் வாய் என்று தினமும் பார்க்கிறாள். கூட்டம் இல்லாதபோது சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துத் தன் நோட்டில் வரைவாள். நாக்கு, அண்ணம், உள்நாக்கு. ழவுக்கு நாக்கு எங்கே வளைய வேண்டும் என்று அம்புக்குறி போடுவாள்.

படத்தில் வளைந்தது. வாயில் வளையவில்லை.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் முகத்தில் பாதி முகக்கவசம்.

நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசும் இடத்தில், வெள்ளையாக ஒரு புண். டாக்டர் மரப்பு ஊசி போட்டு, மிளகளவு சதையைக் கிள்ளிப் புட்டியில் போட்டார்.

“ஒரு மணி நேரத்துக்கு நாக்கு மரத்திருக்கும். அடுத்த வாரம் வாங்க, என்னன்னு சொல்றேன்.”

அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சிஸ்டர் ஜெபமலர் பதிவு நோட்டைத் திறந்தாள்.

“சீட்டுல இங்கிலீஷ்ல எல் போட்டு அடிச்சிருக்கான். தமிழ்ல எந்த ல சார்? பேரு மாறுச்சுன்னா அடுத்தவன் ரிசல்ட்டு உங்க கைக்கு வந்துரும்.”

அவர் வாயைத் திறந்தார்.

“புக... ளே...”

“சின்ன லவா?”

இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடி முயன்றார். நாக்கு எழும்பவில்லை.

“புகளே...”

எச்சில் தாடையில் வழிந்தது. வாசலில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒண்ணும் வெளங்கலயே சார்.”

அன்று அவர் கேட்ட கேள்வி அவளுக்குள் கிளம்பியது.

நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வந்தது. உள்நாக்கைத் தாண்டியது. நுனிநாக்கில் வந்து நின்றது.

கொழுக்கட்டை என்பதிலும் அதே எழுத்துதான். அவளுக்கு வராவிட்டாலும் அவருக்குப் புரியும்.

விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும், அந்த நொடி யாராலும் பேச முடியாது என்று டாக்டர் மாணவர்களிடம் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

விழுங்கினாள்.

சிஸ்டர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். நோட்டில் எழுதினாள்.

புகழேந்தி.

ழவின் வால் அடுத்த வரி வரை இறங்கியது. அவளுடைய கட்டுரை நோட்டு முழுக்க அந்த வாலைச் சிவப்பு மையில் சுழித்தவர் அவர்தான்.

“ஒனக்கு எப்படிப் புள்ள தெரியும்?” என்றாள் சிஸ்டர்.

அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் குனிந்து எழுத்தைப் பார்த்தார். நிமிர்ந்து முகக்கவசத்தைப் பார்த்தார். மறுபடி எழுத்தைப் பார்த்தார்.

அவள் புதுப் பஞ்சு ஒன்றை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். வாயில் வைக்கவில்லை. உதடு இரண்டு முறை அசைந்தது.

பிறகு, பஞ்சைக் கையில் பிடித்தபடியே வெளியே போனார்.