வாடகை சைக்கிளுக்குப் பொட்டு

கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய வாசலில் கோமளா கைப்பேசியைக் காட்டியதும் வாடகை சைக்கிளின் பூட்டு டிக்கென்று திறந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளுக்குப் பிறகு இன்றுதான் மறுபடி ஓட்டப்போகிறாள். பக்கத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவுக்குள் நசுங்கிக் கிடக்கும், கூட வேலை செய்யும் ஏஞ்சலின் தலையை நீட்டுகிறாள். "ஷிப்டுக்கு லேட்டாவுது, பையில இன்னாடி தேடிக்கினு கீற?" "புது வண்டியாச்சே அக்கா, பொட்டு வெக்காம எப்பிடி எடுக்கிறது?" குங்குமச் சிமிழோடு குனிகிறாள். காலை வெயிலில் மின்னும் ஹேண்டில்பாரில் ஏற்கெனவே யாரோ இட்ட சந்தனம் காய்ந்திருக்கிறது. பக்கத்தில் இரண்டு குங்குமப் பொட்டு, ஒரு சின்னச் சிலுவை ஸ்டிக்கர். சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. மிச்சமிருக்கும் இடத்தில் தன் பொட்டையும் அழுத்திவிட்டு ஏறி மிதிக்கிறாள். கொஞ்சம் ஆடிய சக்கரம் நேராகிறது. இன்னும் ஒரு ஆள் சேரட்டும் என்று நின்றுகொண்டிருக்கும் ஆட்டோவைத் தாண்டும்போது, தேவையே இல்லாமல் மணியடிக்கிறாள்.