முப்பது எண்ணும்வரை

“வளர்ற புள்ள, மார்லிஸ். பெருசா வாங்குனா அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.” “இந்த வருஷம் யாரு ஆடுறது, உங்கக்காவா?” விளையாட்டுச் சாமான் கடையில், கையுறை பார்ப்பதுபோல் நிற்கிற மூன்று பேருக்கும் காது இங்கேதான். மார்லிஸ் புருஷன் ட்வேனைப் பிரிந்து ஒமாஹா நகரத்தில் வீடு பார்த்துவிட்டது அயோவாவின் இந்தச் சின்ன ஊருக்கே தெரியும். மகளின் அடுத்த வருஷத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே ட்வேன் அந்தப் பெரிய பேஸ்பால் மட்டையை விடாமல் பிடித்திருக்கிறான். சண்டை தீர ஊர் வழக்கம் ஒன்று உண்டு: பிள்ளை மட்டையை ஒரே கையில் பக்கவாட்டில் நீட்டி, முப்பது எண்ணும்வரை தாழாமல் பிடித்தால் அந்த அளவு சரி. பத்து வயது டெல்லா நீட்டுகிறாள். ட்வேன் எண்ணுகிறான். குழல்விளக்கின் வெளிச்சம் அலுமினியத்தில் வழுக்கி மட்டை நுனியில் நிற்கிறது. பன்னிரண்டில் நுனி நடுங்குகிறது, வெளிச்சமும் நடுங்குகிறது. பதினைந்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவையே பார்க்கிறாள். அவன் வேகமாக எண்ணத் தொடங்குகிறான். மார்லிஸுக்கு அது தெரிகிறது. பத்தொன்பதில் ட்வேன் நிறுத்துகிறான். “போதும்மா, குடு.” மட்டையை வாங்கி மாட்டிவிட்டு, சின்னதை அவனே எடுத்துத் தருகிறான். “இது உனக்குச் சரியா இருக்கும்.” ஆகஸ்டில் தாயும் மகளும் ஒமாஹாவுக்குக் குடிபோகிறார்கள். அடுத்த மே மாதம் மார்லிஸ் அங்கே ஒரு பல் மருத்துவரை மணக்கிறாள். நல்ல மனுஷன்தானாம், பேஸ்பால்தான் ஒன்றும் தெரியாதாம்.