வேலி போட்ட ஈரல்

தங்கராசா, வயது ஐம்பத்திரண்டு என்று படிவத்தில் இருந்தது. அப்படி ஒரு ஆள் கிடையாது. அது டாக்டர் குகதாசனின் சொந்த ஈரல்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரைக் கொண்டு ஊசியால் ஒரு துணுக்கு எடுப்பித்து, பொய்ப்பெயர் போட்டு, வவுனியாவில் இருக்கும் தன் ஆய்வுகூடத்துக்கே அனுப்ப வைத்திருந்தார். ஈரலைப் பார்த்து நோய் சொல்வதில் தன் கண்ணைத் தவிர வேறு எந்தக் கண்ணிலும் அவருக்கு நம்பிக்கையில்லை. அவ்வளவு மண்டைக்கனம்.

ஸ்லைட் தயாரிக்கும் சிவரூபி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாள். அவள் வரும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. தட்டில் ஈரம் காயாமல் கிடந்த ஒரே ஸ்லைட்டை, தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார்.

பெயர் ஒட்டாத ஸ்லைட்டைத் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

ஒரு பார்வை போதுமாக இருந்தது.

நல்ல ஈரல் திறந்த வெளியாகக் கிடக்கும். இங்கே காணி பிரித்து அடைத்தது போல, வளவுக்கு வளவு நீல வேலி. ஈரல் வடுப்பட்டு இறுகிவிட்டது.

வேறொருவருடையது என்றால் ஒரே வரியில் எழுதி முடித்திருப்பார்: நீண்டகாலக் குடி காரணமாக இருக்கலாம். இன்றைக்கு அந்த வரியின் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. குடியா? விசேஷங்களில் மட்டும்தானே. வாரத்துக்கு மூன்று விசேஷம் வந்தால் மனிதர் என்ன செய்வது?

சாகப் பயமாக இருந்தது. மகள் இன்னும் ஏ.எல். பரீட்சை எழுதவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்தார். தெரு முடக்கில் இருக்கும் கடைக்கே காரில் போகிறவர்.

சிவரூபி உள்ளே வந்தாள். அவருடைய முகத்தையும் வெறும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அது காட்டுப்பண்டி, சேர். சித்தப்பா கனகராயன்குளத்தில இருந்து கொண்டு வந்தவர். புதுச் சாயம் பிடிக்குதோ எண்டு பாக்க ஒரு கீற்று வெட்டினனான்."

பன்றியின் ஈரலில் இந்த வேலிகள் பிறவியிலேயே இருக்கும். நோயே இல்லை. வருடா வருடம் மாணவர்களுக்கு இதையே கேள்வியாக வைத்து, மாட்டிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறவர் குகதாசன்.

இப்போதும் சிரித்தார். கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். சித்தப்பாவின் துவக்குச் சூட்டில் விழுந்த ஒரு பண்டிக்காக அம்மனிடம் மன்றாடியிருக்கிறார். பண்டிக்காக வைத்த நேர்த்தி செல்லுமா செல்லாதா என்று யோசித்தார். செல்லாது என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

சிவரூபி சிரிக்கவில்லை.

அவள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, காலையிலேயே பெயர் ஒட்டி முடித்திருந்த தங்கராசாவின் ஸ்லைட்டை எடுத்தாள். உடனே அவரிடம் நீட்டவில்லை. தள்ளிக் கிடந்த கதிரையை அவருக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கடது இது, சேர். இருந்துகொண்டு பாருங்கோ."