மூன்று சக்கரக் கார்

வெள்ளைக்காரத் துரை கைகுலுக்கிவிட்டு டாக்சியில் ஏறிப் போய்விட்டார். அவருடைய கார் மட்டும் மாணிக்கவாசகத்தின் பட்டறை வாசலில் நின்றது.

காஜா பெராங் ஊரில் பாதிப் பேர் அங்கே கூடிவிட்டார்கள்.

மூன்று சக்கரக் கார். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றே ஒன்று. என்ஜினுக்கு மூடி கிடையாது. காரின் மூக்குக்கு வெளியே இரண்டு சிலிண்டர்களும் வெயிலில் பளபளத்தன. பின்புறம் படகைப் போலக் கூம்பியிருந்தது. கூரை இல்லை. இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம்.

அடுத்த வாரம் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கிற நாள். தோட்டத்துத் துரைமார்கள் பலர் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். இதன் குணம் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்று மலாயில் சொல்லி, இந்தத் துரை காரை மாணிக்கவாசகத்திடமே கொடுத்துவிட்டார்.

ஸ்டார்ட் செய்யும் இரும்புக் கைப்பிடி மாணிக்கவாசகத்தின் கையில் இருந்தது. அதன் கனம் அவருக்கு உறைக்கவில்லை.

லாரி ஓட்டும் சங்கரன் தரையில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தான். பின்சக்கரம் செயினில் ஓடுகிறது என்று எழுந்து வந்து எல்லாருக்கும் அறிவித்தான். எதிர்வீட்டில் மலாய் பேசும் செட்டிப் பெண்கள் “பாகுஸ், பாகுஸ்”, பிரமாதம் என்று வியந்தார்கள்.

“என்னண்ணே, மரம் மாதிரி நிக்கிறீங்க? எனக்குக் கிடைச்சிருந்தா இந்நேரம் கிளேபாங் கடற்கரை வரைக்கும் போயிட்டு வந்திருப்பேன்லா!” என்றான் சங்கரன்.

மாணிக்கவாசகம் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தார்.

ஒரு காலத்தில் இந்தக் காரின் சத்தம் தொலைவில் கேட்டாலே போதும். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடிவருவார். ஒரு தடவையாவது இது பழுதாகித் தன் பட்டறைக்கு வராதா என்று ஏங்கியிருக்கிறார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமலவேணி வந்தாள். அவருடைய தம்பி ஜெயபாலனின் மனைவி. தம்பி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். சமையலறையைத் தாண்டி அதிகம் வருவதில்லை.

சிலிண்டரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“மாமா, என்னையும் இதுல ஒரு சுத்து கூட்டிட்டுப் போறீங்களா?”

இரண்டு வருடத்தில் அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. வாசலில் நின்ற மாணிக்கவாசகத்தின் மனைவி சாரதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போங்கள் என்று தலையசைத்தாள்.

அவர் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். இரண்டாவது சுற்றிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

சாலை நெடுக ஆட்கள் நின்று கையசைத்தார்கள். கமலவேணி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பக்கத்து வீட்டு ரேடியோவைப் போலக் கேட்டது. திருப்பத்தில் அவள் அவர் காதருகே குனிந்து கத்தினாள்.

“அவரு இருந்திருந்தா உங்கள இறங்கவே விட்டிருக்க மாட்டாரு, மாமா!”

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

ஜெயபாலன் இறந்த அன்று காலையில்தான் இந்தக் கார் முதன்முதலாக அவர் பட்டறைக்கு வந்தது. முன்விளக்கு உடைந்து, மட்கார்டு வளைந்திருந்தது. ஆயர் குரோ சாலையில் மாடு குறுக்கே வந்துவிட்டது என்றார் துரை. மாணிக்கவாசகம் வேறெதுவும் கேட்கவில்லை. காரைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய், விசிலடித்தபடி வேலையைத் தொடங்கினார்.

பத்து மணிவாக்கில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். விடிகாலையில் ஆயர் குரோ சாலையில் ஒரு கார் யாரையோ இடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, செத்தவன் யாரென்று இன்னும் தெரியவில்லை என்றார். விளக்கு உடைந்த கார் ஏதாவது இங்கே வந்ததா என்று கேட்டார்.

ஆமாம் என்றால் காரைக் கொண்டுபோய்விடுவார்கள். என்ஜினை அவர் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“அப்படி எதுவும் வரலீங்க” என்றார் மாணிக்கவாசகம்.