மூன்று பொட்டலம் பூச்சி மருந்து

மருந்துப் பொட்டலம் மூன்றையும் தேவகியின் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் பூவம்மாள்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னிக்கு வாணாம்."

"இன்னிக்கே குடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கக்கா."

"சொன்னா சொல்லட்டும்."

அவ்வளவுதான். மூத்த ஓரகத்தி சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. தேவகியின் புருஷனும் அவன் அண்ணனும் தறிக்கு நூல் வாங்க அரக்கோணம் போயிருந்தார்கள். யுத்த காலம், நூலுக்கு நாள் கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும். யாரிடம் போய் முறையிடுவது?

தேவகியின் மகள் சுலோச்சனாவுக்கு நாலு வயசு. ஒரு மாசமாகக் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானையாக உப்பிக் கிடந்தது. உட்கார்ந்த இடத்தில் சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்றாள். பட்டப்பகலில் தூங்கும்போதும் பல்லை நறநறவென்று கடித்தாள். முந்தாநாள் வாந்தி எடுத்தபோது ஒரு சாண் நீளத்துக்கு நாக்குப்பூச்சி விழுந்து தரையில் நெளிந்தது. உள்ளே இன்னும் எத்தனை இருக்கிறதோ, என்ன செய்துகொண்டிருக்கிறதோ!

இதில் பூவம்மாள் வேறு. பெற்ற ஒரே பிள்ளையை மூன்று வயசில் வாரிக்கொடுத்தவள். சுலோச்சனா சாப்பிடும்போது இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வைதான் குழந்தையை உருக்குகிறது என்று எதிர்வீட்டு எல்லம்மாள் தேவகியின் காதில் ஓதியிருந்தாள். தேவகி நம்பவில்லை, மருந்தைப் பிடுங்குகிற வரைக்கும்.

மறுநாள் வெயில் ஏறியதும் பூவம்மாளின் போக்கே மாறிவிட்டது. தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்த பாவு நூலைத் தடவிப் பார்த்து, "இதுல யாருடி மஞ்சளைக் கொட்டினது?" என்று கேட்டாள்.

பாவு வெள்ளைவெளேரென்று இருந்தது.

அப்புறம் ஊருக்கு மேலே இருந்த மலையைப் பார்த்தாள். அதன் உச்சியில் கோயில் கோபுரம் மஞ்சளாக இருக்கிறதாம். தட்டில் போட்ட சோறும் மஞ்சளாம், தொடாமல் தள்ளி வைத்துவிட்டாள். குனிந்து தன் நிழலையே பார்த்து, கத்திரிப்பூ நிறம் என்று முணுமுணுத்தாள். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்து, ஒரு கையால் இன்னொரு கையின் நாடியைப் பிடித்துக்கொண்டாள்.

தேவகி இரண்டடி பின்வாங்கினாள். அம்மன் இறங்கியிருக்கிறாளா, வேறு ஏதாவது புகுந்துவிட்டதா?

இது எதுவும் தெரியாத சுலோச்சனா, "பெரிம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே கிட்டே போனாள். பூவம்மாள் குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"நீயும் மஞ்சளாத்தான் தெரியறே, கண்ணு. எல்லப்பன் கண்ணுக்கும் இப்படித்தான் தெரிஞ்சுதோ இன்னாவோ."

எல்லப்பன், செத்துப்போன அவள் பிள்ளை.

அதற்கு மேல் தேவகியால் அங்கே நிற்க முடியவில்லை. குழந்தையை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கம்பவுண்டர் நாகராஜன் நிதானமான மனுஷர். இன்னும் மருந்தே கொடுக்கவில்லை என்று கேட்டதும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. வீட்டில் ஓரகத்திக்குப் பேய் பிடித்திருக்கிறது, பார்க்கிறதெல்லாம் மஞ்சள் என்கிறாள் என்று தேவகி அழுதாள்.

"பேயும் இல்லை, பிசாசும் இல்லைம்மா. அந்தப் பூச்சி மருந்தைச் சாப்பிட்டா ஒரு நாள், ரெண்டு நாள் எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும். நேத்தே சொன்னேன், நீ அழுதுகினு இருந்ததுல காதுல ஏறலை. உங்க வீட்டுல யாரோ அதைச் சாப்பிட்டிருக்காங்க. மீதி இருந்தா இன்னிக்கே குழந்தைக்குக் குடு. நாளைக்கு வா, வேற கட்டித் தரேன்."

தேவகியின் பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. ஓகோ, அவள் வயிற்றிலும் பூச்சியா! வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சாகக் கிடக்கிற குழந்தையின் மருந்தையா திருடித் தின்றாள்? பேய் பிடித்திருந்தால்கூட தேவகி மன்னித்திருப்பாள்.

அதே வேகத்தில் வீட்டுக்குத் திரும்பினாள். பொழுது இறங்கத் தொடங்கியிருந்தது. பூவம்மாள் அதே சுவரோரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தையோட மருந்தை முழுங்கினது நீங்கதானே?" அக்கா என்ற வார்த்தை தேவகியின் வாயில் வரவில்லை.

"ஆங்." பூவம்மாள் மறைக்கவே இல்லை. "ரெண்டு பொட்டலம். நேத்து இந்நேரத்துக்கு முழுங்கினேன்."

"நாலு வயசுக் குழந்தை வாயிலேர்ந்து பிடுங்கித் தின்ன உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

பூவம்மாள் இடுப்பிலிருந்து மூன்றாவது பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"சந்தையில ஒருத்தன் வித்த பூச்சி மருந்தை நான்தான் எல்லப்பனுக்குக் கரைச்சி ஊத்தினேன், தேவகி. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள என்னை விட்டுப் பூட்டான். நான் இதை முழுங்கி முழுசா ஒரு நாளாச்சு, இன்னும் உயிரோடதான் இருக்கேன். இனி பயமில்லை, குழந்தைக்குக் குடு."