அளக்க வந்தாரா?

"இவர் உங்க தோட்டத்தைச் சுத்தி நடந்து அளந்தாராம்மா? உள்ளதைச் சொல்லுங்க."

கம்பெனி அதிகாரி கேட்டதும் பக்கத்தில் நின்ற அளவைக்காரர் பார்வையை ஜீப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கே அளந்தார்? காட்டை அழித்த நிலத்துக் காப்பிக்கொட்டையைக் கம்பெனி வாங்காது. அதற்காகத்தான் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டத்தின் எல்லையிலும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லைக்குள் காடு வெட்டப்பட்டிருக்கிறதா என்பதைச் செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும்.

முப்பத்தொன்பது தோட்டத்தை ஒழுங்காகத்தான் நடந்தார் மனுஷர். நாற்பதாவது, செங்குத்து மேடு. 'இதுல எவன் ஏறுவான்?' என்று கீழே பாறையில் உட்கார்ந்தபடியே கண்ணளவில் ஒரு கோட்டை இழுத்துவிட்டார்.

அந்தப் பாழாய்ப்போன கோடு போய் விழுந்தது, பக்கத்தில் எவனோ வெட்டிச் சாய்த்த காட்டின் மேல்! மேப்பில் இந்த அம்மாவின் தோட்டம், காடு அழித்த நிலமென்று சிவப்பாகிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒண்டியாகப் பாடுபடுகிறவர். ஒரு மரத்தைத் தொட்டதில்லை. வருஷத்து விளைச்சல் பதினேழு மூட்டையும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது.

'வரலை' என்று சொன்னால் போதும், மூட்டை விற்றுவிடும். இவர் வேலை போய்விடும்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்தாருங்க. சுத்தி நடந்தாரு."

"யோசிச்சுச் சொல்லுங்க. வரலைன்னா இப்பவே நானே அளந்து சரி பண்ணிடறேன்."

"வந்தாருன்னுதான் சொல்றேனே!"

"அப்ப காட்டை வெட்டினது நீங்கதான்னு ஆயிடுது. செய்யறதையும் செஞ்சுட்டுப் பேச்சைப் பாரு! இனிமே உங்க கொட்டை எங்களுக்கு வேண்டாம்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அளவைக்காரர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, நான் பண்ணின பாவத்துக்கு நீங்க எனக்காக..."

"கையை இறக்குய்யா. உனக்காக எவ சொன்னா?"

அவர் கையை இறக்கினார்.

"ஒரு அளவு பொய்யுன்னு தெரிஞ்சா நீ அளந்த மொத்தத்தையும் ரத்து பண்ணிடுவாங்களாமே. திரும்ப அளந்து முடிக்கறதுக்குள்ள ஊர்க் கொட்டை அத்தனையும் பூசணம் பிடிச்சுப் போகும்."

மூட்டைகள் கிடந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"முப்பத்தொன்பது வீட்டுல உலை கொதிக்க வேண்டாமா?"